வானொலி அலைகளை வசப்படுத்திய வங்க மேதை



நம்மைச் சுற்றி எந்நேரமும் வானொலி அலைகள் பாய்ந்துகொண்டே இருக்கின்றன. ஆயினும், அவற்றைக் கண்ணால் காணவோ காதால் கேட்கவோ இயலாது. அவற்றை உணர்ந்தறியக் கருவி வேண்டும். அத்தகைய கருவிகளை அமைத்து உலகை வியக்கவைத்த மேதை ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

சர் ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள், இன்றைய வங்காளதேசத்திலுள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர்பதவி வகித்தவர். அக்காலத்தில் அத்தகையோர் தம் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே பெருமையாகக் கருதினர். அவரோ, தம் மகன் முதலில் தாய்மொழியைக் கற்று, தம் மக்களை அறிந்துகொள்ள வேண்டும் என எண்ணி, வங்காளமொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்கே மீனவர் ஒருவரின் மகனும் ஏவலர் ஒருவரின் மகனும் போஸின் இருபுறமும் அமர்ந்து பயின்றனர். அவர்கள் கூறிய பறவை, விலங்கு, நீர்வாழ் உயிரினங்களின் கதைகள் இயற்கையை ஆராயும் ஆர்வத்தை அவருள்ளத்தில் விதைத்தன.

பின்னர்க் கல்கத்தாவிலும் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜிலும் உயர்கல்வி பெற்று, 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்ற காரணத்தால் அவருக்கு ஐரோப்பியரைவிடக் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்த போஸ், எவரிடமும் சினங்கொள்ளாமல், மூன்றாண்டுகள் ஊதியமின்றியே பாடம் நடத்தினார். அவருடைய உறுதியையும் திறமையையும் கண்ட அதிகாரிகள், இறுதியில் முழு ஊதியத்தையும் நிலுவையுடன் வழங்கினர்.

ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் வானொலி அலைகளை ஆய்வின்வழி மெய்ப்பித்திருந்தார். அவ்வலைகளினும் மிகக் குறுகிய, சில மில்லிமீட்டர் நீளமே உடைய அலைகளைப் போஸ் உண்டாக்கினார். அவருக்கு வாய்த்த ஆய்வுக்கூடமோ ஒரு சிற்றறை. துணைநின்றவரோ தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவர். 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் பலரும் காண, கம்பியின்றிச் சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார்.

அலைகளை வாங்கப் புனல் போன்ற குழாயையும், அவற்றை உணரக் கலீனா என்னும் ஈயக் கனிமத்தின் படிகத்தையும் அவர் பயன்படுத்தினார். உணர்கருவியைச் சுழற்றி, அலை எத்திசையில் வளைந்து செல்கிறது என்பதையும் அளந்தறிந்தார். இவற்றால் செல்வம் தேட அவர் விரும்பவில்லை. நண்பர்களின் வற்புறுத்தலாலேயே படிகக் கருவிக்கு அமெரிக்காவில் காப்புரிமை கோரினார். அது 1904இல் கிடைத்தது.

பிற்காலத்தில் தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்தார். 1917இல் கல்கத்தாவில் போஸ் ஆய்வுக்கழகத்தை நிறுவினார். 1937ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் மறைந்தார்.

போஸ் நடந்த பாதை இன்றும் நீள்கின்றது. இக்கால அறிவியலாளர், சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்த ரூபிடியம் அல்லது சீசியம் அணுக்களை லேசர் ஒளியால் தூண்டுகின்றனர். வானொலி அலை அவற்றைத் தொட்டதும், ஆவியினூடே செல்லும் ஒளி மாறுபடுகின்றது. அம்மாற்றத்தைக் கொண்டு அலையின் வலிமையையும், அது வரும் திசையையும் அறிகின்றனர். இவையே குவாண்டம் உணரிகள். அன்று படிகம் செய்த பணியை இன்று அணுக்களே செய்கின்றன!

மாணவர்களே! தமிழ்ப்பள்ளியில் பயில்வதால் பின்தங்கிவிடுவோமோ என்று உங்களுள் சிலர் ஐயுறலாம். மீனவர் மகனோடு ஒரே வரிசையில் அமர்ந்து தாய்மொழியில் எழுத்தறிந்த சிறுவனே உலகம் போற்றும் அறிஞரானார். பள்ளி சிறிதாயினும் முயற்சி பெரிதாகட்டும். நாமும் தாய்மொழியைப் போற்றி, அறிவியலைக் கற்று, தன்மானத்தோடு உயர்வோமாக!