இரஃபியுதீன் அகமது

இரஃபியுதீன் அகமது (டிசம்பர் 24, 1890 - 1965) இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை நிறுவியவர். மருத்துவர், இதழாசிரியர், மேற்கு வங்காள அமைச்சர் எனப் பல துறைகளில் பணியாற்றினார். இந்தியப் பல் மருத்துவத்தின் தந்தை என அழைக்கப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

கிழக்கு வங்காளத்தில் (இன்றைய வங்காளதேசம்) பர்தன்பாரா என்னும் ஊரில் பிறந்தார். அலிகாரில் பயின்றபின் 1909 இல் அமெரிக்கா சென்று, 1915 இல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் பாஸ்டன் நகரின் ஃபோர்சித் சிறார் பல் மருத்துவ நிலையத்தில் 1918 வரை பணியாற்றினார்.

அந்நிலையம் 1914 இல் திறக்கப்பட்டது. அந்நகரச் சிறுவர்களின் பற்களைப் பேணுவதே அதன் நோக்கம். இதே காலத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்பிரட் ஃபோன்சு, பயிற்சி பெற்ற பெண்களைக் கொண்டு பள்ளிகளிலேயே மாணவர்களின் பற்களைத் தூய்மை செய்யும் முறையை நடத்திவந்தார். பல் வலித்தபின் பிடுங்குவது என்ற நிலையிலிருந்து, பள்ளிப் பருவத்திலேயே காப்பது என்ற நிலைக்குப் பல் மருத்துவம் மாறிய காலம் அது. அகமது தொழில் பழகியது அம்மாற்றத்தின் நடுவில் ஆகும்.

கல்கத்தா பல் மருத்துவக் கல்லூரி

1919 இல் அகமது இந்தியா திரும்பியபோது இங்கு பல் மருத்துவம் கற்பிக்கும் கல்லூரி ஒன்றுகூட இல்லை. பல் பிடுங்குதல் பெரும்பாலும் முறையான பயிற்சியற்றோர் கையில் இருந்தது. 1920 இல் கல்கத்தாவில் தம் சொந்த முயற்சியால் கல்லூரியைத் தொடங்கினார். அதற்கான பணம் அவர் நடத்திய 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்னும் குளிர்பானக் கடையிலிருந்து வந்தது. பல்லுக்குக் கேடான இனிப்புப் பானத்தின் வருவாயே பல் மருத்துவக் கல்வியை வளர்த்தது என்பது சற்று வேடிக்கையானது.

தொடக்க ஆண்டுகளில் சேர்ந்த மாணவர்கள் மிகச் சிலரே. மதிப்புக் குறைந்த தொழிலாக எண்ணப்பட்ட ஒன்றைக் கற்க முன்வருவோர் அரிதாயினர். 1923 இல் பம்பாயில் பல் மருத்துவமனை தொடங்கிய பாத்திமா ஜின்னா (முகமது அலி ஜின்னாவின் தங்கை) இக்கல்லூரியில் பயின்றவர்.

1925 இல் இந்தியப் பல் மருத்துவ இதழைத் தொடங்கி 1946 வரை அதன் ஆசிரியராக இருந்தார். மாணவர்களுக்கான கையேடு ஒன்றை 1928 இல் வெளியிட்டார். வங்காளத்தில் 1939 இல் பல் மருத்துவர் சட்டம் நிறைவேறுவதற்கு இவரது உழைப்பு முதன்மையான காரணம். நாடு முழுமைக்குமான பல் மருத்துவர் சட்டம் 1948 இல் வந்தது. 1949 இல் கல்லூரியை மேற்கு வங்காள அரசிடம் ஒப்படைத்தார். அது பின்னர் அவர் பெயரையே தாங்கியது.

அரசியல்

1950 முதல் 1962 வரை, தாமும் ஒரு மருத்துவரான பி. சி. ராய் முதலமைச்சராக இருந்த அமைச்சரவையில் வேளாண்மை, கூட்டுறவு, மறுவாழ்வு முதலிய துறைகளை வகித்தார். 1964 இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

தமிழகமும் பள்ளிப் பல் நலமும்

சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு 1953 இல், அதாவது கல்கத்தாவுக்கு 33 ஆண்டுகள் கழித்தே தொடங்கியது. பள்ளி மாணவர்களின் பற்களை முறையாகச் சோதிப்பதற்கு இன்னும் நெடுங்காலம் ஆயிற்று. 2013 இல் நடுவண் அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டம், பள்ளிகளில் கண்டறிய வேண்டிய குறைகளுள் பல் நோய்களையும் சேர்த்தது.

இச்சோதனையின் தேவைக்கு முத்துக்குளித்துறையை அடுத்த நிலப்பகுதி சான்றாகும். தூத்துக்குடி மாவட்டத்தின் ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் சில ஊர்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், வளரும் பல்லின் எனாமல் பழுப்புக் கறை படிந்து பாதிப்புறும். ஏறத்தாழ 8 வயதுக்குள் பல் உருவாகும்போதே இது நிகழ்வதால், வேப்பங்குச்சியோ உப்போ பற்பசையோ கொண்டு எவ்வளவு தேய்த்தாலும் கறை போகாது. குடிக்கும் நீரை மாற்றுவதே வழி. வகுப்பில் பல குழந்தைகளுக்கு ஒரே வகைக் கறை காணப்படுமாயின், சோதிக்க வேண்டியது அவ்வூர்க் கிணற்று நீரை ஆகும்.