குண்டு உருட்டிய கலிலியோ

மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது, பெடலை மிதிக்காமலேயே வேகம் கூடிக்கொண்டே போகும் இல்லையா? அந்த வேகம் எந்தக் கணக்கில் கூடுகிறது என்பதை அளந்து சொன்னவர் கலிலியோ கலிலி.

இத்தாலி நாட்டின் பைசா நகரில் 1564-ம் ஆண்டு பிப்ரவரி 15-ம் தேதி பிறந்தார். தந்தை வின்சென்சோ இசைக் கலைஞர். மகனை டாக்டராக்க ஆசைப்பட்டார். மகனுக்கோ கணக்கில்தான் விருப்பம். மருத்துவப் படிப்பைப் பாதியிலேயே விட்டார் கலிலியோ. ஆனாலும், 25 வயதில் அதே பல்கலைக்கழகத்தில் கணித ஆசிரியரானார். 1592-ல் பதுவா நகருக்குச் சென்றார்.

மேலிருந்து விழும் பொருளின் வேகம் எப்படிக் கூடுகிறது என்று அறிய விரும்பினார். ஆனால், கண் இமைப்பதற்குள் பொருள் தரையைத் தொட்டுவிடுகிறதே! நொடிகளைத் துல்லியமாகக் காட்டும் கடிகாரமும் அன்று இல்லை.

கலிலியோ ஒரு வழி கண்டார். நேராக விழவிடாமல் சரிவில் உருட்டினால் வேகம் குறையும், அளக்கலாம்! நீண்ட மரக்கட்டையில் நேரான பள்ளம் செதுக்கி, வழவழப்பான தோலை ஒட்டினார். ஒரு முனையை உயர்த்தி, வெண்கலக் குண்டை உருட்டினார். அப்போதே, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தின் மெல்லிய குழாயைத் திறப்பார். குண்டு கீழே வந்ததும் மூடுவார். சேர்ந்த தண்ணீரைத் தராசில் எடை போடுவார். தண்ணீர் இரண்டு மடங்கு என்றால், நேரமும் இரண்டு மடங்கு!

இப்படி நூறு முறை சோதித்தார். நேரம் இரண்டு மடங்கானால், குண்டு உருண்ட தூரம் 4 மடங்கு. நேரம் மூன்று மடங்கானால், தூரம் 9 மடங்கு. சரிவைக் கூட்டினாலும் குறைத்தாலும் இதே கணக்குதான். நேராக விழும் பொருளுக்கும் இதே விதிதான் என்று முடிவு செய்தார்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்தை ஆதரித்து எழுதியதற்காக, 1633-ல் திருச்சபை நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. அப்போது அவருக்கு வயது 69. வீட்டுச் சிறையில் வைக்கப்பட்டார். புத்தகம் வெளியிடவும் தடை. கலிலியோ சோர்ந்துவிடவில்லை. சுமார் 30 ஆண்டுகளுக்கு முன் குண்டு உருட்டிக் கண்ட உண்மைகளை நூலாக எழுதினார். இத்தாலியில் அச்சிட முடியாததால், 1638-ல் ஹாலந்தின் லைடன் நகரில் அது வெளிவந்தது. அதைப் படித்துப் பார்க்க அவரால் முடியவில்லை. அதற்குள் பார்வை போய்விட்டது. 1642-ம் ஆண்டு ஜனவரி 8-ம் தேதி காலமானார்.

குட்டீஸ், நீண்ட பலகையின் ஒரு முனைக்கு அடியில் நோட்டுப் புத்தகம் வையுங்கள். மேல் முனையிலிருந்து ஒரு சாண், நான்கு சாண் தூரங்களில் கோடு போடுங்கள். கோலிக்குண்டை உருட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பாருங்கள். கலிலியோவின் கணக்கு சரிதானா என்று உங்களுக்கே தெரியும்!