மணி அடித்தால் சரி!

குழந்தைகளே, வகுப்பில் ஸ்பெல்லிங் டெஸ்ட் என்றால் உங்களில் எத்தனை பேருக்கு வயிற்றைக் கலக்கும்? அமெரிக்காவில் ஒரு சிறுவனுக்கும் அப்படித்தான். ஸ்பெல்லிங் பாடம் என்றாலே பள்ளியை விட்டு ஓடப் பார்ப்பான். கடைசியில் அவனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தனி ஆசிரியர் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார் அவனுடைய அம்மா.

எழுத்துப் பிழைக்குப் பயந்த அந்தச் சிறுவன்தான், பின்னாளில் கோடிக்கணக்கான மனிதர்களின் விவரங்களை வேகமாக எண்ணி, தவறையும் காட்டிக் கொடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். அவர் பெயர் ஹெர்மன் ஹோலரித்.

1860ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் பிறந்தார். ஆம், லீப் வருடக் குழந்தை! பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். சிறு வயதிலேயே தந்தை இறந்துவிட, பெண்களுக்கான தொப்பிகள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார் தாய். படிப்பில் தேறிய ஹெர்மன், 1879இல் கொலம்பியா கல்லூரியின் சுரங்கப் பள்ளியில் பொறியாளர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 19.

அவருடைய பேராசிரியர் ஒருவர், 1880ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்கு அவரை உதவியாளராக அழைத்துக்கொண்டார். அங்கேதான் ஒரு பெரிய சிக்கலை ஹோலரித் நேரில் கண்டார்.

அப்போது அமெரிக்காவில் 5 கோடி மக்கள் இருந்தார்கள். ஒவ்வொருவருடைய வயது, தொழில், பிறந்த ஊர் என்று பல விவரங்களை வீடு வீடாகப் போய் எழுதி வந்தார்கள். எழுதியது போதுமா? எண்ண வேண்டாமா? எழுத்தர்கள் வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு தாளையும் பார்த்து ஒவ்வொரு கோடாகப் போட்டுக் கூட்டினார்கள். தச்சர்கள் எத்தனை பேர் என்று ஒருமுறை. அவர்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று மறுபடியும் முதலிலிருந்து! முழுக் கணக்கும் முடிய ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அங்கே பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது சட்டம். எந்த மாநிலத்துக்கு நாடாளுமன்றத்தில் எத்தனை இடங்கள் என்பதையே அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தாமதமானாலும் சிக்கல், தப்பானாலும் சிக்கல்! மக்கள்தொகையோ கூடிக்கொண்டே போனது. இப்படியே போனால் ஒரு கணக்கு முடியும் முன்பே அடுத்த கணக்கெடுப்பு வந்துவிடுமே?

இந்த வேலைக்கு ஓர் இயந்திரம் வேண்டும் என்ற யோசனையை அவருக்குத் தந்தவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவர். அந்த யோசனை ஹோலரித்தின் மனதில் ஒட்டிக்கொண்டது. கல்லூரி ஆசிரியராகவும், காப்புரிமை அலுவலகத்திலும் வேலை பார்த்தபோதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் நீளமான காகிதச் சுருளில் துளைகள் போட்டுப் பார்த்தார். ஆனால் நடுவில் ஒரு தவறு நேர்ந்தால் அதை மட்டும் எடுத்து மாற்ற முடியவில்லை. ஒருவருடைய விவரம் வேண்டுமென்றால் சுருள் முழுவதையும் ஓட்ட வேண்டியிருந்தது.

ஒரு ரயில் பயணத்தை அவர் நினைத்துப் பார்த்தார். டிக்கெட்டை வேறொருவர் திருடிப் பயன்படுத்தாமல் இருக்க, பயணியின் முடி நிறம், கண் நிறம் போன்ற அடையாளங்களை டிக்கெட்டின் ஓரத்தில் துளை போட்டுக் குறித்தார் ரயில் நடத்துநர். அட, இதுபோல ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் அட்டை இருந்தால்?

சுருள் போனது, அட்டை வந்தது! பால்டிமோர் நகரத்தின் இறப்புக் கணக்கில் அதைச் சோதித்தார். ரயில்காரர்களின் துளைக் கருவியால் ஆயிரக்கணக்கான துளைகள் போட்டுக் கை வலித்ததுதான் மிச்சம். உடனே, சுலபமாகத் துளையிட ஒரு கருவியையும் செய்துவிட்டார்.

இயந்திரம் எப்படி வேலை செய்தது தெரியுமா? அட்டையை வைத்துப் பிடியை அழுத்தினால், மேலிருந்து ஊசிகள் இறங்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி தடுக்கப்படும். துளை இருந்தால் அதன் வழியே இறங்கி, கீழே சிறு கிண்ணத்திலுள்ள பாதரசத்தைத் தொடும். உடனே மின்சாரம் பாயும். கடிகாரம் போன்ற முகப்பில் முள் ஓர் எண் நகரும். ஒரே அழுத்தலில் பல விவரங்கள் எண்ணப்பட்டுவிடும்!

வேகம் மட்டும் போதாது என்பது ஹோலரித்துக்குத் தெரியும். தவறை வேகமாகச் செய்வதால் யாருக்கு என்ன லாபம்? அதனால் பிழைகளுக்கும் பொறி வைத்தார். அட்டையின் ஒரு மூலையை வெட்டிவிட்டார். தலைகீழாக வைத்த அட்டை பார்த்தவுடனே தெரிந்துவிடும். ஒரே பகுதியைச் சேர்ந்த அட்டைகளுக்கு ஒரே இடத்தில் துளை இருக்கும். கட்டாக அடுக்கி ஒரு கம்பியைச் செருகினால், வேறு பகுதி அட்டை கலந்திருந்தால் கம்பி நின்றுவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மணி! அட்டை சரியாக எண்ணப்பட்டால் மணி அடிக்கும். அடிக்கவில்லையா? அந்த அட்டையைச் சோதிக்க வேண்டும்.

1889இல் போட்டி வைத்தார்கள். மொத்தம் மூன்று முறைகள். செயின்ட் லூயிஸ் நகரின் 10,491 பேருடைய விவரங்களை எண்ண வேண்டும். மற்ற இரு முறைகளில் எண்ணி முடிக்க சுமார் 45 மணி நேரமும் 55 மணி நேரமும் ஆயின. ஹோலரித்தின் இயந்திரமோ ஐந்தரை மணி நேரத்தில் முடித்துவிட்டது!

1890ஆம் ஆண்டு கணக்கெடுப்பு வேலை அவருக்கே கிடைத்தது. அந்த ஆண்டு முடியும் முன்பே மக்கள்தொகை சுமார் 6 கோடியே 26 லட்சம் என்று அறிவித்தார்கள். பாராட்டு குவிந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! இன்னும் பெரிய எண்ணை எதிர்பார்த்த பலர் ஏமாந்து போனார்கள். கணக்கே தப்பு என்று சில பத்திரிகைகள் எழுதின. ஆனால், நாம் விரும்பும் எண்ணைச் சொல்வதா இயந்திரத்தின் வேலை? உள்ளதைச் சொல்வதுதானே!

1896இல் ஹோலரித் சொந்த நிறுவனம் தொடங்கினார். ரஷ்யாவும் தன் முதல் பெரிய கணக்கெடுப்புக்கு அவருடைய இயந்திரங்களைப் பயன்படுத்தியது. பிடிவாதக்காரரான அவர், வாடகை விஷயத்தில் அமெரிக்க அரசுடனே மோதி, அந்த வேலையை இழந்ததும் உண்டு. 1911இல் அவருடைய நிறுவனம் வேறு சில நிறுவனங்களோடு இணைந்தது. 1924இல் அதற்கு வைத்த புதிய பெயர்தான் ஐபிஎம்! 1929ஆம் ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி வாஷிங்டனில் ஹோலரித் காலமானார்.

இன்று அட்டைகள் இல்லை. ஆனால் ரயில் டிக்கெட் எடுத்தாலும், வங்கியில் பணம் போட்டாலும், எந்த நேரத்தில் என்ன நடந்தது என்று கணினிகள் வரி வரியாகக் குறித்துக்கொள்கின்றன. லாக் என்று சொல்லப்படும் இந்தக் குறிப்புகள் கோடிக்கணக்கில் சேரும். அவற்றை அலசும் பொறியாளர்களும் ஹோலரித் போலத்தான் செய்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே அமைப்பில் எழுதுவது, ஒவ்வொன்றையும் சோதிப்பது, கோளாறானதைத் தனியே ஒதுக்கிவிட்டு மற்றவற்றைத் தொடர்ந்து எண்ணுவது.

அடுத்த முறை கணக்குப் பரீட்சையில் முதலாவதாக எழுந்து தாளைக் கொடுக்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் பொறுங்கள். விடைகளை ஒருமுறை சரிபாருங்கள். உங்களுக்குள் அந்த மணி அடித்ததா?