சேகுவேரா: வர்த்தகப் பெயர்களை அரசுடைமையாக்கியவர் வர்த்தகப் பெயரான கதை

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியோரத்தில் தரித்து நிற்கும் முச்சக்கர வண்டிகளின் பின்புறத்தில் அந்த முகத்தை அடிக்கடி காணலாம். வெள்ளவத்தை காலி வீதி நடைபாதைக் கடைகளில் தொங்கும் ரீ சேர்ட்டுகளிலும் அதே முகம்தான். நட்சத்திரம் பதித்த தொப்பி, தோள்வரை நீண்ட கேசம், தொலைவை நோக்கும் கண்கள். அம்முகத்துக்குரியவரின் பெயர் சேகுவேரா என்பது அநேகருக்குத் தெரியும். அவர் ஒருமுறை இந்நாட்டுக்கு வந்து போனவர் என்பதோ, உலகப் புகழ்பெற்ற கியூபாச் சுருட்டுகளின் வரலாற்றோடு அவரது வாழ்வு பின்னிப் பிணைந்திருந்தது என்பதோ பலருக்குத் தெரியாது.

எர்னெஸ்டோ குவேரா 1928 ஜூன் 14இல் ஆர்ஜென்டீனாவின் ரொசாரியோ நகரில் பிறந்தார். இரண்டு வயதிலேயே அவரை ஆஸ்துமா நோய் பற்றிக்கொண்டது. மகனின் மூச்சுத் திணறலுக்கு இதமான காலநிலை தேடிக் குடும்பமே ஊர் மாறியது. படுக்கையில் கிடந்த நாட்கள் அவரைப் பெரும் வாசகராக்கின. பின்னர் மருத்துவம் பயின்று 1953இல் பட்டம் பெற்றார். அதற்கு முந்திய ஆண்டு, அல்பேர்டோ கிரனாடோ என்னும் நண்பருடன் தென் அமெரிக்காவை ஊடறுத்து மேற்கொண்ட பயணத்தில் சுரங்கத் தொழிலாளரின் வறுமையையும், பெரு நாட்டில் தொழுநோயாளர் குடியிருப்பொன்றையும் நேரில் கண்டார். நோயைத் தீர்ப்பதற்கு மருந்து மட்டும் போதாது என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது அப்பயணத்திலேயே எனலாம்.

1954இல் குவாத்தமாலாவில் காணிச் சீர்திருத்தம் செய்த அரசு அமெரிக்க ஆதரவுடன் கவிழ்க்கப்பட்டதை அங்கிருந்தே பார்த்தார். அடுத்த ஆண்டு மெக்சிக்கோவில் பிடல் காஸ்ட்ரோவைச் சந்தித்தார். 1956 நவம்பரில் கிரான்மா என்ற சிறு படகில் கியூபாவை நோக்கிப் புறப்பட்ட 82 பேரில், படைக்கு மருத்துவராகச் சேர்ந்த இவரும் ஒருவர். கரை சேர்ந்த சில தினங்களுக்குள் அவர்களுள் பெரும்பாலானோர் கொல்லப்பட்டனர், அல்லது பிடிபட்டனர். எஞ்சியோர் சியரா மயெஸ்திரா மலைகளில் தஞ்சம் புகுந்தனர்.

அம்மலைகளில்தான் அவர் சுருட்டுப் புகைக்கப் பழகினார். கொசுத் தொல்லையைத் தவிர்ப்பதற்காகத் தொடங்கிய பழக்கம் அவரை இறுதிவரை விடவில்லை. ஆஸ்துமா நோயாளியான ஒரு மருத்துவர் சுருட்டுக்கு அடிமையானது விநோதமே. நாளொன்றுக்கு ஒரு சுருட்டுக்கு மேல் கூடாது என்று வைத்தியர்கள் கட்டளையிட்டபோது, மிக நீளமான ஒரு சுருட்டைச் செய்வித்துக் கட்டளையை நிறைவேற்றினார் என்றொரு கதையும் உண்டு. சுவிட்சர்லாந்துப் படப்பிடிப்பாளர் ரெனே பூரி 1963இல் ஹவானா அலுவலகத்தில் எடுத்த படங்களில், வாயில் சுருட்டுடன் அவர் தோன்றும் காட்சி உலகெங்கும் பரவியது. புகைத்தலின் தீமையை நன்கறிந்திருக்க வேண்டியவரின் இப்பழக்கத்தை எவரும் முன்மாதிரியாகக் கொள்ள வேண்டியதில்லை.

கியூபாவில் சுருட்டு என்பது வெறும் புகைப்பொருள் அன்று. அத்தீவின் மேற்கே பினார் டெல் ரியோ மாகாணத்தில் உள்ள வுவெல்டா அபாஹோ நிலப்பரப்பின் புகையிலைக்கு ஈடில்லை என்பது வணிகர்களின் கணிப்பு. 1844இல் எச். உப்மன், 1845இல் பார்ட்டகாஸ், 1865இல் ஹோயோ டி மொன்டரே, 1875இல் ரோமியோ இ ஜூலியெட்டா எனப் பெரும் பெயர்கள் ஹவானாவில் தோன்றின. 1935இல் மொன்டிகிறிஸ்டோ வந்தது. பிரித்தானியப் பிரதமராக இருந்த வின்ஸ்டன் சேர்ச்சிலின் பெயரில் ரோமியோ இ ஜூலியெட்டா ஒரு சுருட்டு வகையையே வைத்திருக்கிறது.

இப்பெயர்களின் பின்னால் தொழிலாளரின் ஒரு தனி உலகம் இருந்தது. 1865இலிருந்து ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் உயர்ந்த ஆசனத்தில் ஒருவர் அமர்ந்து பத்திரிகைகளையும் நாவல்களையும் உரத்து வாசிக்க, தொழிலாளர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுச் சுற்றினர். வாசிப்பவருக்குரிய கூலியை அவர்களே தமக்குள் சேர்த்துக் கொடுத்தனர். அலெக்சாண்டர் டூமாவின் மொன்டிகிறிஸ்டோ கோமகன் கதையில் தொழிலாளர் கொண்ட மோகமே அப்பெயர் சுருட்டுக்குச் சூட்டப்படக் காரணமாயிற்று என்பர். கியூபாவின் விடுதலை வீரர் ஹொசே மார்ட்டிக்கு, புலம்பெயர்ந்து அமெரிக்காவின் புளோரிடாவில் வாழ்ந்த சுருட்டுத் தொழிலாளர்களே தமது கூலியில் ஒரு பகுதியை வழங்கினர். 1895ஆம் ஆண்டு எழுச்சிக்கான கட்டளை ஒரு சுருட்டுக்குள் மறைத்தே ஹவானாவுக்கு அனுப்பப்பட்டதாக அந்நாட்டார் பெருமையுடன் கூறுவர்.

இது நமக்கு அந்நியமான உலகமன்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் ஒருவர் பத்திரிகை வாசிக்க ஏனையோர் செவிமடுத்தவாறே சுருட்டுச் சுற்றும் வழக்கம் இருந்தது. எழுத்தறியாத தொழிலாளியும் உலக நடப்பை அறிந்தது அவ்வாறுதான். வடபகுதியில் தொழிற்சங்க உணர்வும் இடதுசாரிக் கருத்துகளும் பரவிய இடங்களுள் அக்கொட்டில்களும் அடங்கும். அங்கு சுற்றப்பட்ட சுருட்டு தென்னிலங்கைக் கிராமங்கள் வரை சென்று விற்பனையானது. சுற்றியவரின் பெயரை வாங்கியவர் அறியார். ஹவானாவிலும் நிலைமை அதுவே. பெட்டியின் மீது பொன் எழுத்தில் பொறிக்கப்பட்டது உரிமையாளர் சூட்டிய பெயர். உள்ளே இருந்ததோ பெயரற்றவர்களின் உழைப்பு.

1958 டிசம்பர் இறுதியில் சாந்தா கிளாரா நகரைச் சேகுவேராவின் படை கைப்பற்றியது. 1959 ஜனவரி முதலாம் திகதி சர்வாதிகாரி பட்டிஸ்டா நாட்டை விட்டோடினார். வெற்றியின் பின் ஹவானாவின் லா கபானா கோட்டைக்குப் பொறுப்பாக இருந்த சேகுவேரா, புரட்சி நீதிமன்றங்கள் விதித்த மரண தண்டனைகளை உறுதிப்படுத்தினார். பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசர விசாரணைகளின் பேரில் நிகழ்ந்த அம்மரணங்கள் அவரது வாழ்வில் படிந்த கறை என்றே பலரும் இன்றுவரை கருதுகின்றனர். அவரைப் போற்றுவோர் இதனை மறைப்பது நேர்மையாகாது.

அவ்வாண்டு ஜூன் மாதம் புதிய அரசின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி ஆசிய, ஆபிரிக்க நாடுகளுக்குப் புறப்பட்டார். எகிப்தில் ஜனாதிபதி நாசரைச் சந்தித்த அவர், அன்று எகிப்தின் நிர்வாகத்திலிருந்த காஸாவுக்கும் சென்று பலஸ்தீன அகதி முகாமொன்றைப் பார்வையிட்டார். இந்தியாவில் நேருவையும் இந்தோனேசியாவில் சுகர்னோவையும் சந்தித்தார். அதே பயணத்தில், ஓகஸ்ட் மாதம், இலங்கைக்கும் வந்தார். எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலம் அது. களுத்துறை மாவட்டத்தின் ஹொரணைக்கு அண்மையிலுள்ள யஹலகலே இறப்பர் தோட்டத்தைப் பார்வையிட்ட சேகுவேரா, அங்கு ஒரு மஹோகனி மரக்கன்றை நாட்டினார். சீனி என்ற ஒரே பயிரை ஒரே நாட்டுக்கு விற்றுப் பிழைத்த தேசத்தின் பிரதிநிதி, தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றின் விலையில் தங்கியிருந்த நமது தேசத்தில் தனது நாட்டின் சாயலையே கண்டிருப்பார்.

நாடு திரும்பிய அவர் அவ்வாண்டு நவம்பரில் தேசிய வங்கியின் தலைவரானார். நாணயத் தாள்களில் சே என்ற ஸ்பானியச் செல்லப் பெயரால் கையொப்பமிட்டு வங்கியாளர்களைத் திகைக்க வைத்தார். 1960 செப்டெம்பரில் சுருட்டுத் தொழிற்சாலைகள் அரசுடைமையாக்கப்பட்டன. 1961 பெப்ரவரியில் கைத்தொழில் அமைச்சராகப் பதவியேற்ற சேகுவேரா, வாரந்தோறும் கரும்பு வெட்டவும் சுமை தூக்கவும் தொழிலாளரோடு சென்றார். அமைச்சருக்கு விசேட பங்கீடு கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

ஆனால் தொழிற்சாலையைக் கையகப்படுத்துவது இலகு, தரத்தைக் காப்பது கடினம் என்பதைக் காலம் உணர்த்தியது. அனுபவமிக்க நிர்வாகிகள் வெளியேறினர். மூலப்பொருட்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பொருட்களின் தரம் சரிந்ததை அமைச்சரே பகிரங்கமாகக் கண்டிக்க நேர்ந்தது. புரட்சியின் ஆரம்ப ஆண்டுகளில் பழைய பெயர்களை எல்லாம் ஒழித்து, சுருட்டுகளை ஒரே பெயரில் விற்பதற்கும் முயற்சி நடந்தது. வெளிநாட்டுச் சந்தை அதனை ஏற்க மறுத்தது. பார்ட்டகாஸ், உப்மன், மொன்டிகிறிஸ்டோ என்ற பழைய பெயர்களே மீண்டும் பெட்டிகளில் ஏறின. முதலாளியை அகற்ற முடிந்தது, அவர் சூட்டிய பெயரை அகற்ற முடியவில்லை.

1962 பெப்ரவரியில் அமெரிக்கா கியூபாவுடனான வர்த்தகத்துக்கு முழுத் தடை விதித்தது. கையெழுத்திடுவதற்கு முன் ஜனாதிபதி கென்னடி தமக்குப் பிடித்த உப்மன் சுருட்டுகள் 1,200ஐ இரவோடிரவாகத் திரட்டிக்கொண்டார் என அவரது பத்திரிகைச் செயலாளர் பியர் சலிஞ்சர் பின்னாளில் வெளியிட்டார். நாட்டைவிட்டு வெளியேறிய பழைய உரிமையாளர்களின் பெயர் உரிமைகளைக் கொண்டு, டொமினிக்கன் குடியரசு போன்ற நாடுகளில் அதே பெயர்களில் சுருட்டுகள் உற்பத்தியாயின. இதனால் இன்றும் மொன்டிகிறிஸ்டோ, பார்ட்டகாஸ், ரோமியோ இ ஜூலியெட்டா ஆகிய ஒவ்வொன்றும் இரு வேறு மண்ணின் சுருட்டுகளுக்குப் பெயராக இருக்கின்றன.

புரட்சி தானும் ஒரு பெயரை ஈன்றது. கரீபியப் பழங்குடியினரின் சொல்லான கொஹிபா என்ற பெயரில் 1966இல் ஹவானாவின் எல் லகீட்டோ மாளிகையில் தனிச் சுருட்டு உருவானது. பெண்களே அங்கு சுருட்டுச் சுற்றப் பயிற்றப்பட்டனர். காஸ்ட்ரோவுக்கும் வெளிநாட்டுத் தலைவர்களுக்கும் அன்பளிப்பாக மட்டும் செய்யப்பட்ட இச்சுருட்டு 1982இல் சந்தைக்கு வந்து, கியூபாச் சுருட்டுகளுள் முதன்மையான பெயராக உயர்ந்தது. சமத்துவம் பேசிய ஆட்சியின் மிகப் புகழ்பெற்ற தயாரிப்பு, செல்வந்தர் மட்டுமே வாங்கத்தக்க ஒன்றாக அமைந்தது வரலாற்றின் முரண்.

அதற்குள் சேகுவேரா ஹவானாவில் இல்லை. 1965 பெப்ரவரியில் அல்ஜியர்ஸ் மாநாட்டில், வறிய நாடுகளுடன் சோஷலிச வல்லரசுகள் நடத்தும் வணிகமும் நீதியானதல்ல என்று துணிந்து பேசினார். அவ்வாண்டு ஒக்டோபரில் காஸ்ட்ரோ பகிரங்கப்படுத்திய கடிதத்தில் பதவி, படைத்தரம், கியூபப் பிரஜாவுரிமை அனைத்தையும் துறப்பதாக அறிவித்திருந்தார். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தாம் பொருள் எதனையும் விட்டுச் செல்லவில்லை என்றும் அதற்காக வருந்தவில்லை என்றும் அதில் தெரிவித்திருந்தார். கொங்கோவில் தோல்வி கண்டு, 1966 நவம்பரில் பொலிவியாவுக்குள் நுழைந்தார். எந்த விவசாயிகளுக்காகப் போராடச் சென்றாரோ அவர்கள் அவரோடு சேரவில்லை. 1967 ஒக்டோபர் 8இல் காயமுற்றுப் பிடிபட்டு, மறுநாள் லா ஹிகுவேரா கிராமப் பாடசாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 39. முப்பது ஆண்டுகளின் பின் 1997இல் அவரது எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டு சாந்தா கிளாராவில் நல்லடக்கம் செய்யப்பட்டன.

மரணத்தின் பின்னர்தான் அவர் ஒரு முத்திரையானார். 1960 மார்ச் 5இல், ஹவானாத் துறைமுகக் கப்பல் வெடிப்பில் மாண்டோருக்கான அஞ்சலிக் கூட்டத்தில் அல்பேர்டோ கோர்டா எடுத்த ஒரு படமே இன்று நாம் முச்சக்கர வண்டிகளில் காணும் முகம். அப்படத்துக்குக் கோர்டா உரிமைப்பணம் கோரியதில்லை. ஆனால் 2000ஆம் ஆண்டில் அதனை ஒரு வொட்கா மதுபான விளம்பரத்துக்குப் பயன்படுத்தியபோது வழக்குத் தொடுத்து, கிடைத்த 50,000 டொலரைக் கியூபாவின் மருத்துவத் துறைக்கு வழங்கினார்.

இலங்கையிலும் அப்பெயர் வேறொரு முத்திரையாகப் பதிந்தது. 1971 ஏப்ரலில் மக்கள் விடுதலை முன்னணி நடத்திய ஆயுதக் கிளர்ச்சியில் ஈடுபட்ட இளைஞர்களைச் சாதாரண மக்கள் சேகுவேராக்காரர் என்றே அழைத்தனர். ஆயிரக்கணக்கான உயிர்களைக் காவுகொண்ட அந்நாட்களை, முதியோர் பலர் சேகுவேராக் குழப்பம் என்றே நினைவுகூர்வர். நான்காண்டுகளுக்கு முன் பொலிவிய மலைகளில் மாண்டுபோன ஒருவரின் பெயர், அவர் அறியாத ஒரு துயரத்துக்குச் சூட்டப்பட்டது.

ஒரு மனிதரை முத்திரையாக மாற்றுவது அவரை மறப்பதற்கு இலகுவான வழி. முத்திரையை வாங்குபவர் அவரது தியாகத்தைப் பின்பற்ற வேண்டியதில்லை, அவரது தவறுகளுக்குப் பதில் தேட வேண்டியதுமில்லை. அந்த முகம் பொறித்த ஆடையைத் தைத்த பெண் எவ்வளவு கூலி பெற்றாள் என்றும் எவரும் கேட்பதில்லை. கொஹிபாவின் பொன்னிறத் தாளைக் கண்டு வியப்பவர் புகையிலை வயலில் குனிந்து நின்றவரை நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்துச் சுருட்டைப் புகைத்தவரும் கொட்டிலில் சம்மணமிட்டிருந்த தொழிலாளியை நினைத்ததில்லை. சேகுவேராவின் வாழ்வில் நாம் ஏற்பதும் மறுப்பதும் இருக்கலாம். எனினும் பொருளுக்குப் பின்னால் உள்ள மனிதரைப் பார்க்க வேண்டும் என்று அவர் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை. ஹொரணையில் அன்று அவர் நட்ட கன்று பெருமரமாகி நின்றது, விற்பனைக்காக அன்று. நம் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகம் செய்ய விரும்புவோர், கடையில் தொங்கும் ஆடையிலிருந்து அல்லாமல் அந்த மரத்திலிருந்து கதையைத் தொடங்கலாம்.