சூரியனின் அடுக்குகளைக் கொடைக்கானலில் இருந்து படித்தவர்! யார் இந்த ஜான் எவர்ஷெட்?

மங்கலம்பேட்டையில் இருந்து விருத்தாசலம் போனால் பீங்கான் சூளைகளைப் பார்க்கலாம். உள்ளே ஆயிரம் டிகிரியைத் தாண்டும் சூடு. ஆனா, பத்தடி தள்ளி நின்னா தாங்கிக்கலாம். நெருப்பை விட்டு விலகினால் சூடு குறையணும், அதுதானே நியாயம்? சூரியன்கிட்ட இந்தக் கணக்கு செல்லாது.

நம்ம கண்ணுக்குத் தெரியும் பரப்பு ஒளிமண்டலம். சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். அதுக்கு மேல செந்நிறமான நிறமண்டலம், அங்கே மேலே போகப் போக சூடு ஏறுகிறது. அதையும் தாண்டிய கொரோனாவில் பத்து லட்சம் டிகிரிக்கும் மேல்! (ஆமாம், வைரசுக்குப் பெயர் தந்த அதே 'கிரீடம்' என்ற லத்தீன் சொல்தான்.)

இந்த அடுக்குகளை நம்ம ஊர் மலையில் இருந்து ஆராய்ந்தவர் ஜான் எவர்ஷெட். 1864-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் பிறந்தவர். ரொம்ப நாள் வரை வானியல் அவருக்கு வேலை இல்லை, பொழுதுபோக்குதான். 

அந்தக் காலத்தில் நிறமண்டலத்தை முழுசாகப் பார்க்க முழு சூரிய கிரகணம் வரணும். நிலா ஒளிமண்டலத்தை மறைக்கும் அந்தச் சில நொடிகளில்தான் அது பளிச்சென்று தெரியும். அதைப் படம் பிடிக்க 1898 ஜனவரியில் மகாராஷ்டிராவின் தால்னிக்கு வந்து, அதன் நிறமாலையைப் பதிவு செய்துகொண்டு போனார் எவர்ஷெட். சில நொடிக்காக ஒரு கடல் பயணம்!

1907-ல் கொடைக்கானல் வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே இருந்த கருவியால் கால்சியம் ஒளியை மட்டும் பிரித்து, கிரகணமே இல்லாமல் தினமும் நிறமண்டலத்தைப் படம் எடுக்க முடிந்தது.

1909 ஜனவரி 5: என்ன நடந்தது?

அன்று சூரியப் புள்ளிகளின் நிறமாலையை எடுத்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல், புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். அதனால் புள்ளி என்பது சுழல்காற்று மாதிரி சுத்தும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

ரயில் கிட்ட வரும்போது விசில் சத்தம் கூர்மையாகும், விலகும்போது மந்தமாகும் இல்லையா? ஒளியும் அப்படித்தான். நெருங்கும் வாயுவின் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகினால் சிவப்புப் பக்கம். எவர்ஷெட் தட்டில் பார்த்த நகர்வு சுழலுக்குப் பொருந்தவே இல்லை. கருமையான நடுப்பகுதியில் இருந்து வாயு நேராக வெளியே பாய்ந்தது, நொடிக்கு சுமார் 2 கி.மீ. வேகத்தில். எல்லாரும் நம்பியதற்கு எதிராக இருந்தும், தட்டு காட்டியதையே எழுதி வெளியிட்டார். இன்றும் அதற்குப் பெயர் எவர்ஷெட் விளைவு.

1913-ல் சார்லஸ் செயின்ட் ஜான் இன்னொன்றைக் காட்டினார். கீழே ஒளிமண்டலத்தில் வெளியே போகும் வாயு, மேலே நிறமண்டலத்தில் உள்ளே திரும்புகிறது. ஒரே புள்ளி, அடுக்கு மாறினா திசையே மாறுது!

இந்தக் கதையில் மனைவி மேரியை விட்டுவிட முடியாது. அவரும் வானியலாளர். சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகள் பற்றிய 1917 ஆய்வில் இருவர் பெயரும் இருக்கு.

1911 முதல் 1923 வரை இயக்குநராக இருந்து ஊர் திரும்பிய எவர்ஷெட், அங்கேயும் சொந்தமாக ஆய்வகம் கட்டி சூரியனையே பார்த்தார். 1956-ல் மறைந்தார். கொடைக்கானலில் சேர்ந்த நூறாண்டு கால்சியம் படங்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டு, ஆய்வாளர்களுக்குப் பயன்பட்டு வருகின்றன.