மணி எப்போது அடிக்கும் என்று காத்திருந்த புனிதர்

செபம் செய்ய உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் என் கை தொலைபேசியைத் தேடும். கடந்த தவக்காலத்தில் செபிப்பதையே நிறுத்திவிட்டேன். மனமில்லாதவள் எதற்காக நடிக்க வேண்டும் என்று காரணமும் சொல்லிக்கொண்டேன். அவிலா தெரேசாவின் வாழ்க்கையைப் படித்தபோதுதான், இதைப் போன்றதொரு காரணத்தை அவரும் சொல்லியிருந்தது தெரிந்தது.

1515இல் ஸ்பெயினில் பிறந்த தெரேசா, 20 வயதில் தந்தையின் விருப்பத்தை மீறி அவிலா நகரின் கார்மேல் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகளில் கடும் நோய். நான்கு நாட்கள் நினைவிழந்து கிடந்தவருக்குக் குழிகூடத் தோண்டிவிட்டார்கள். பிழைத்த பின்னரும் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் உடல் முடங்கியிருந்தது.

உடல் தேறிய பிறகுதான் உள்ளம் சோர்ந்தது. மடத்தின் வரவேற்பறையில் வருவோர் போவோருடன் பேசிப் பொழுது கழிந்தது. தனிச் செபத்தைக் கைவிட்டார். இத்தனை குறைகளோடு கடவுளை நெருங்காமல் ஒதுங்கியிருப்பதே தாழ்மை என நம்பினார். தன்னிடம் செபிக்கக் கற்றுக்கொண்ட தந்தையிடம், நோயைக் காரணம் காட்டிச் சமாளித்தார். ஓராண்டுக்கு மேல் இப்படியே போனது. தலையான பாவங்கள் ஏழில் ஒன்றான சோம்பல், தாழ்மையின் உடையிலும் வரும். அதுவே தனக்கு நேர்ந்த மிகப் பெரிய சோதனை என்று பின்னாளில் அவர் எழுதினார்.

1543இல் தந்தை இறந்தார். தந்தைக்கு ஆன்ம வழிகாட்டியாக இருந்த தொமினிக்கன் குருவின் சொற்படி தெரேசா மீண்டும் செபிக்கத் தொடங்கினார். அதன்பின் விடவேயில்லை. ஆனால் அது இலகுவாக இருக்கவில்லை. செப அறைக்குள் நுழையும்போதே துக்கம் கவ்வும். மணி எப்போது அடிக்கும் என்றே பல நாட்கள் காது காத்திருக்கும். மனம் அலைந்தால் பிடித்துக்கொள்ள ஒரு புத்தகத்தை அருகில் வைத்திருப்பார். மறுநாளும் போய் உட்காருவார்.

1554இல், 39 வயதில், காயப்பட்ட கிறிஸ்துவின் சுரூபத்தின் முன் விழுந்து அழுதார். அவரது வாழ்வின் திருப்பம் அதுதான் என்பார்கள். எனக்கோ, மணியை எதிர்பார்த்தபடியே உட்கார்ந்திருந்த அந்த முந்திய ஆண்டுகள்தான் பெரிதாகத் தெரிகின்றன.

1562இல் அவிலாவில் புனித யோசேப்பு மடத்தை நிறுவினார். 1582இல் இறப்பதற்குள், நோயுடனேயே மூடுவண்டிகளில் பயணித்து, மொத்தம் 17 கன்னியர் மடங்களை உருவாக்கினார். 1970இல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட முதல் பெண் அவரே.

நானும் மீண்டும் தொடங்கியிருக்கிறேன். பத்து நிமிடம்தான். தொலைபேசி அடுத்த அறையில் கிடக்கும். கண் இன்னமும் கடிகாரத்துக்குத்தான் போகிறது. எழுந்து மட்டும் போவதில்லை.