தானவனைத் தந்த பண்டிதர்

துப்பறியும் நாவல் என்றதும் முகஞ் சுளிக்கும் வழக்கம் கற்றோரிடையே நெடுங்காலமாக இருந்துவருகின்றது. பாடப்புத்தகத்தின் உள்ளே கொலைமர்மக் கதையொன்றை மறைத்துவைத்துப் படிக்கும் மாணவன் ஆசிரியரிடம் அகப்பட்டால், புத்தகத்தையும் இழந்து வசையும் பெறுவான். கொலையாளி யாரென்று அறியுமுன்னே புத்தகம் பறிபோய்விட்டால் அன்றிரவு அவனுக்கு உறக்கமும் இல்லை. இத்தகைய கதையைத் தமிழுக்கு முதலிற் கொணர்ந்தவர் யாரென்று வினவினால், காசுக்குக் கதை விற்ற எழுத்தாளர் ஒருவரையே பலரும் எதிர்பார்ப்பர். உண்மை வேறு. அவர் செப்பேடுகளையும் கல்வெட்டுக்களையும் படித்துப் பொருள் கண்டவர்; பாட்டிமார் கதைகளைத் தேடித் தொகுத்தவர்; தமிழ், வடமொழி, ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் வல்லவர். பண்டிதர் ச. ம. நடேச சாஸ்திரியார் என்பது அவர் பெயர்.

சாஸ்திரியார் 1859ஆம் ஆண்டிலே திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள சங்கேந்தி என்னும் ஊரிற் பிறந்தார். கும்பகோணத்திலே கல்லூரிக் கல்வி பெற்றுப் பட்டதாரியானார். 1881ஆம் ஆண்டு அரசாங்கத் தொல்பொருளாய்வுத் துறையிலே, அறிஞர் இறொபேட் சுவெல் என்பாரின் கீழ்ப் பணியில் அமர்ந்தார். பிற்காலத்திற் பத்திரப் பதிவுத் துறையிலும் பணியாற்றினார். பதினெட்டு மொழிகள் அவருக்குத் தெரியும் என்பர். அவருடைய புலமைக்கு ஐயமற்ற சான்றாக நிற்பது 1886ஆம் ஆண்டு ஜேம்ஸ் பர்ஜெஸ் என்பாரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட தமிழ், வடமொழிச் சாசனங்களின் தொகுதியாகும்.

சாசனம் படிப்பது எத்தகைய தொழில் என்பதை இங்கே சற்று எண்ணிப்பார்த்தல் தகும். கல்லிலே எழுத்துத் தேய்ந்திருக்கும். இடையிலே வரிகள் சிதைந்திருக்கும். அரசன் பெயர் இருந்தால் ஆண்டு இராது. நிலத்தின் எல்லை, கொடுத்தவன், பெற்றவன், சாட்சிக் கையெழுத்து ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தே உண்மையைக் காணவேண்டும். பொய்ச் சாசனமும் உண்டு. அதனையும் பிரித்தறிதல் வேண்டும். சிறு அடையாளமொன்றைப் பற்றிக்கொண்டு, மறைந்துபோன நிகழ்ச்சியை மீளக் கட்டியெழுப்பும் இந்தப் பயிற்சி துப்பறிவோனின் பயிற்சியிலிருந்து எவ்வளவு தூரம்? ஒருவன் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய செய்தியைத் தேடுகிறான். மற்றவன் முந்திய இரவின் செய்தியைத் தேடுகிறான். வேறுபாடு அவ்வளவே.

அலுவலக வேலையோடு அவர் நாட்டார் கதைகளையும் திரட்டினார். தென்னிந்திய நாட்டார் கதைகளை 1884ஆம் ஆண்டு முதலாகப் பல பகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1886இல் திராவிட பூர்வகாலக் கதைகள், திராவிட மத்தியகாலக் கதைகள் என்னும் தமிழ் நூல்கள் வெளிவந்தன. மதனகாமராஜன் கதையும் அவ்வாண்டிலேயே ஆங்கில உருப்பெற்றது. 1890இல் கிங்ஸ்கோட் சீமாட்டியாரோடு இணைந்து அவர் ஆக்கிய கதைத்தொகுதி இலண்டனில் அச்சாயிற்று. ஏட்டிலே உள்ளவையே இலக்கியம் என்று பலர் கருதிய காலத்திலே, வாய்மொழியாக வழங்கியவற்றையும் பேணத்தக்க செல்வமாக மதித்த சிலருள் அவர் ஒருவர்.

அவர் ஆங்கிலத்திற் பெயர்த்தவற்றுள் அலகேச கதை நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது. 1889இல் கிளவுஸ்டன் என்னும் அறிஞர் வெளியிட்ட கீழைத்தேயக் கதைத் தொகுதியில் அது இடம்பெற்றது. வழிநடந்த இளைஞர் நால்வர், ஒட்டகத்தைத் தொலைத்துவிட்டுத் தேடிவந்த வணிகன் ஒருவனைக் காண்கின்றனர். உன் ஒட்டகம் ஒரு கால் முடமானதா என்று ஒருவன் வினவுகிறான். வலக்கண் குருடா என்கிறான் இரண்டாமவன். வால் குறுகியதா என்கிறான் மூன்றாமவன். வயிற்றுநோய் உடையதா என்கிறான் நான்காமவன். தாம் அதனைக் கண்ணாற் காணவில்லை என்றும் கூறுகின்றனர். இவர்களே திருடர் என்று வணிகன் அரசனிடம் முறையிடுகிறான். அரசன் உடனே தண்டியாமல் விளக்கம் கேட்கிறான். மூன்று கால்களின் சுவடே பதிந்திருந்தது. வழியின் இடப்புறத்து இலைகளே மேயப்பட்டிருந்தன. வாலால் விரட்ட இயலாத கொசுக்கள் கடித்தமையால் இரத்தத் துளிகள் சிந்திக் கிடந்தன. முன்கால்களின் சுவடு ஆழமாகவும் பின்காலின் சுவடு மெல்லியதாகவும் காணப்பட்டது. விளக்கத்தைக் கேட்ட அரசன் நால்வரையும் அமைச்சராக்கிக் கொள்கிறான்.

இக்கதை நமக்கு அந்நியமன்று. இதன் மற்றொரு வடிவத்திலே ஒட்டகத்தின் அடையாளங்களைச் சொல்பவர்கள் செரந்தீபத்து இளவரசர் மூவர். செரந்தீபம் என்பது நம் இலங்கையின் பழம்பெயர். பாரசீகத்து மூலத்தைக் கொண்ட அக்கதை 1557இல் வெனிஸ் நகரத்தில் அச்சாயிற்று. பிரான்சு நாட்டு வொல்டேயர் 1747இல் எழுதிய சாதிக் கதையிலே ஒட்டகத்துக்குப் பதிலாக நாயும் குதிரையும் வந்தன. 1841இல் அமெரிக்கராகிய எட்கார் அலன் போ துப்பறியும் சிறுகதைக்குத் தனியுருவம் கொடுத்தபோது, சுவடு கண்டு உண்மை காணும் இம்மரபு பல நாடுகளைச் சுற்றி வந்திருந்தது. துப்பறியும் கதை மேனாட்டிலிருந்து இறக்குமதியான பொருள் என்பது முழு உண்மையன்று. வீட்டை விட்டுப்போன பிள்ளை வேற்று உடையோடு மீண்டுவந்ததற்கு அதனை ஒப்பிடலாம்.

அந்த மீட்சி நிகழ்ந்த ஆண்டு 1894. தானவன் என்னும் போலீஸ் நிபுணன் கண்டுபிடித்த அற்புத குற்றங்கள் என்னும் நூலைச் சாஸ்திரியார் அவ்வாண்டில் வெளியிட்டார். அக்காலத்து இங்கிலாந்திலே ஷெர்லொக் ஹோம்ஸ் மட்டுமன்றி, டிக் டொனவன் என்னும் கிளாஸ்கோ நகரத்துத் துப்பறிவாளனும் பெரும்புகழ் பெற்றிருந்தான். மட்டொக் என்பாரின் புனைபெயரும் கதைத்தலைவன் பெயரும் அதுவேயாகும். டொனவனைத் தமிழாக்கிய சாஸ்திரியார் ஒலியை ஒட்டித் தானவன் என்று பெயர் சூட்டினார். தானவன் என்பது அசுரனைக் குறிக்கும் சொல். குற்றவாளிகளைப் பிடிப்பவனுக்கு அசுரப் பெயர் வாய்த்த வேடிக்கையை வடமொழி வல்ல அவர் அறியாதிருந்திருப்பாரோ?

அக்காலத்தை நினைந்து பார்த்தால் முயற்சியின் புதுமை விளங்கும். தமிழிலே பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் தோன்றியிருந்தது. கமலாம்பாள் சரித்திரம் பத்திரிகையிலே தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. நாவல் என்னும் வடிவமே குழந்தைப் பருவத்தில் இருந்தது. கைரேகையைக் கொண்டு குற்றவாளியை இனங்காணும் அலுவலகம் கல்கத்தாவிலே நிறுவப்பட்டதும் 1897இல்தான்.

அந்நாளைய சென்னை நம்மவர்க்கும் உரிய களமாக இருந்தது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். திருகோணமலையிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரி நூலகத்தில் விளங்கிய த. சரவணமுத்துப்பிள்ளை, தானவன் வெளிவந்த மறு ஆண்டிலே மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலைத் தந்தார். செல்லரித்த ஏட்டிலிருந்து மூலபாடம் காண்பதும், சாசனத்திலிருந்து வரலாறு காண்பதும், சுவடுகளிலிருந்து குற்றவாளியைக் காண்பதும் ஒரே தலைமுறையின் உண்மை வேட்கையால் விளைந்தவை எனலாம்.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலே தீனதயாளு, திக்கற்ற இரு குழந்தைகள், மதிகெட்ட மனைவி, மாமி கொலுவிருக்கை முதலிய நூல்களைச் சாஸ்திரியார் விரைந்து எழுதினார். இந்துக்களின் பண்டிகைகளையும் விரதங்களையும் பற்றி 1903இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் செய்தார். இன்னும் பல எழுதியிருப்பார். 1906ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருவல்லிக்கேணிக் கோயில் திருவிழாவின்போது மிரண்டோடிய குதிரையொன்றினால் அடியுண்டு அவர் உயிர் நீத்தார். ஐம்பது வயதும் நிறையவில்லை. துப்பறியும் கதை எழுதியவரின் முடிவிலே துப்பறிவதற்கு ஏதுமில்லை. வெறும் விபத்தே அவரைக் கொண்டுபோயிற்று.

அவர் திறந்த வழியிலே பலர் வந்தனர். ஜே. ஆர். ரங்கராஜுவின் ராஜாம்பாள் 1908இல் வெளியாகித் துப்பறியும் கோவிந்தனைப் புகழ்பெறச் செய்தது. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் எண்ணற்ற வாசகரைக் கட்டிப்போட்டனர். கடல் கடந்து வந்த இந்நூல்களை யாழ்ப்பாணத்து இளைஞரும் விரும்பிப் படித்தனர். 1930களிலே வரணியூர் ஏ. சி. இராசையா போன்றோர் அப்பாணியில் இங்கேயும் நாவல் படைக்கலாயினர். இவற்றுட் பலவற்றில் தழுவலின் தழும்பும், தற்செயல் நிகழ்ச்சிகளின் மிகுதியும் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. சாஸ்திரியாருக்கும் அக்குறை பொருந்தும். அவர் டொனவனைத் தமிழாக்கினாரேயன்றி, தாம் தொகுத்த ஒட்டகக் கதையின் வித்திலிருந்து நம் மண்ணுக்கேயுரிய துப்பறிவாளன் ஒருவனை முளைக்கச் செய்தாரல்லர்.

ஆயினும் அவர் காட்டிய வழியின் பயனைக் குறைத்து மதித்தல் தகாது. அலகேச கதையின் பிற்பகுதியை நோக்குக. அரசியைத் தீண்டவந்த நாகத்தை வெட்டி அவளைக் காத்த அமைச்சன்மீதே அரசன் ஐயுற்றுக் கொல்லத் துணிகிறான். மற்றையோர் ஆராயாமற் செய்த தண்டனைகளின் கேட்டைக் கதை கதையாகச் சொல்லி அவனைத் தடுக்கின்றனர். வெட்டுண்ட நாகத்தின் துண்டுகள் உண்மையை வெளிப்படுத்துகின்றன. மதுரையிலோ அவ்வாறு தடுப்பார் இல்லை. கோவலன் மாண்ட பின்னரே சிலம்பு உடைக்கப்பட்டது. உள்ளிருந்தது முத்தன்று, மாணிக்கம் என்பது அப்போதே தெரிந்தது. உடைக்க வேண்டிய சிலம்பை உரிய நேரத்தில் உடைத்துப் பார்ப்பவனே துப்பறிவாளன்.

கொலைமர்ம நாவலை விழித்திருந்து படிக்கும் மாணவன் கொலையை இரசிப்பதில்லை. ஐயத்துக்குரியவன் எல்லாரும் குற்றவாளியல்லன் என்பதையும், சான்றின்றித் தீர்ப்பில்லை என்பதையும் அவன் இன்பத்தோடு கற்கிறான். அடுத்தமுறை பாடப்புத்தகத்தினுள் அத்தகைய நூலொன்று அகப்படுமாயின் ஆசிரியர் அதனைப் பறிக்குமுன், யார் மீது ஐயம், ஏன் என்று ஒரு கேள்வி கேட்கட்டும். பையன் தரும் விடை, தேய்ந்த எழுத்துக்களினின்று பொருள் கண்ட பண்டிதரின் வழியிலேயே அமைந்திருக்கக் காண்பார்.